பெயரோ, எண்ணோ?

வழிகாட்டுங் கருவி கைக்கு வந்த பின்னர், வழி வினவுவார் அருகினர். வலப்புறந் திரும்புக என அது மொழிய, நாமுந் திரும்புகின்றோம். ஆயின், சாலையை அது எவ்வாறு சுட்டுகின்றது என எண்ணிப் பார்ப்பார் சிலரே. விண்ணிலுள்ள துணைக்கோள்கள் நாம் நிற்கும் இடத்தை அறிதற்கே உதவுவன. சாலையின் பெயரை அவை அறியா. அது நிலப்படம் வரைந்தார் எழுதிவைத்ததேயாம். 2004-இல் தோன்றிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுப்படத்தில் பெயருக்கு ஓரிடமும் எண்ணுக்கு வேறோரிடமும் உள. அவற்றுள் எதனை வாய்விட்டுரைப்பது என்பது கருவி செய்தார் விருப்பம்.

செங்குன்றத்திலிருந்து கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் வழியாக ஆந்திர எல்லை புகும் பெருவழியை மக்கள் ஜி. என். டி. ரோடு என்பர். அரசாங்கத்தார் முன்னர் அதற்கு இட்ட எண் 5. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புத்தெண் வகுத்தபொழுது அது 16 ஆயிற்று. திருவள்ளூர் வழியாகத் திருத்தணி செல்லும் 205, 716 ஆயிற்று. புதுமுறை அறிவுடையதே என்பதை யாம் மறுக்கிலேம். தெற்கு வடக்காகச் செல்வன இரட்டைப்படை எண்ணும், கிழக்கு மேற்காகச் செல்வன ஒற்றைப்படை எண்ணும் பெறும்; மூன்றிலக்க எண்ணின் இறுதி ஈரிலக்கம் தாய்ச்சாலையைக் காட்டும். 716 என்பது 16-இன் கிளை என இதனால் உணரலாம். ஆயின், பழைய 5 என்னும் எண்ணோ இன்று பஞ்சாபிலிருந்து சிம்லா வழியாக இமயமலை ஏறும் வேறொரு சாலைக்கு உரியதாயிற்று! பழம்பலகையை நம்பினான் கதி யாதாகும்?

பெயரும் நிலைத்ததன்று என்பார் உளர். உண்மையே. பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் செல்லுஞ் சாலை, மதராஸின் முதலெழுத்தால் எம். டி. எச். ரோடு எனவும், சென்னையின் முதலெழுத்தால் சி. டி. எச். ரோடு எனவும் இருவகையாக வழங்குகின்றது. எனினும் அவ்விரண்டும் ஊரார் வாயிற் பயின்றவை.

எண்ணுக்கும் ஒரு நியாயம் உண்டு. கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் சரக்கேற்றி வரும் லாரி ஓட்டுநர் தமிழெழுத்தை எங்ஙனம் படிப்பார்? கொல்கத்தாவிலிருந்து சென்னை வரை நீளும் அச்சாலையில் 16 என்பதே அவருக்கு மொழி.

ஆனால், அதே சாலையில் ஓரிரவு விபத்து நேர்ந்தது எனக் கொள்வோம். 108-ஐ அழைப்பவர் தேசிய நெடுஞ்சாலை 16 என்பாரோ? ஜி. என். டி. ரோடு, எளாவூருக்கு அருகில் என்றே பதறுவார். ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் கருவி எண்ணை மட்டுமே அறியுமாயின், அழைத்தவர் மொழியும் வருபவர் மொழியும் ஒட்டா. அங்ஙனங் கழியும் நிமிடங்களுக்கு யார் விடையிறுப்பர்?

ஆதலின், நெடுவழியில் எண்ணையும், ஊரெல்லை புகுந்தபின் பெயரையும் கருவி முன்னிட்டுரைத்தல் வேண்டும். திரையிலோ இரண்டும் என்றும் இருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள. வழியிடை நிலத்தையும் ஊரையும் அங்கு வாழ்வாரையுஞ் சொல்லியே அக்காலப் புலவர் வழிகாட்டினர். எண்ணைக் கண்டிருப்பின் நகைத்திருப்பர் போலும்!

நிற்க. பொதுப்படத்திற் பெயரிடம் வெறுமையாய்க் கிடக்குந் தெருக்கள் பல. அதனை நிரப்ப எவர்க்கும் உரிமையுண்டு. தமிழெழுத்தில் எழுதவும் தனியிடம் உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் ரயிலேறி வரும் நண்பர்கள், வரும் விடுமுறையில் தத்தம் தெருவையேனும் ஆங்குப் பதிவார்களாக.