வால்வெள்ளியும் புதுக்கடைச் சாட்சியமும்

புதுக்கடை நீதிமன்றங்களில் செய்தி சேகரித்த காலத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு. சான்றுப்பொருள் எங்கே, எவரால் எடுக்கப்பட்டு, எவர் கைக்கு மாறியது என்பது தெளிவில்லையாயின் வழக்கு நிற்காது. 2013 ஜனவரியில் அந்தப் பாடத்தை நான் மறந்துபோனேன்.

2012 டிசம்பர் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தின் வானில் தீக்கோளமொன்று தென்பட்டதாகவும், அரலகங்வில பகுதியில் கற்கள் பொறுக்கப்பட்டதாகவும் செய்தி வந்தது. அவை வால்வெள்ளியின் துண்டுகள், அவற்றுள் டயற்றம் என்னும் நுண்பாசிகளின் உயிர்ச்சுவடுகள் உள்ளன என்று பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்கவும் சகாக்களும் அறிவித்தனர். நம் நாட்டவர் கூறிவிட்டார், வேறென்ன வேண்டும்? நானும் மகிழ்ந்து எழுதினேன். அப்பாசிகள் பூமியின் நன்னீரில் வாழ்பவை, கற்களோ மின்னல் தாக்கி உருகிய மண்ணாகவும் இருக்கலாம் என்று பிற விஞ்ஞானிகள் மறுத்ததைப் பின்னரே வாசித்தேன்.

1939இல் கொழும்பில் பிறந்த அவரைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. விண்மீன்களுக்கிடையிலான தூசு பனிக்கட்டியே என்று பலரும் கருதிய 1960களில், அதில் காபன் உண்டென பிரெட் ஹொய்லுடன் சேர்ந்து வாதிட்டவர் அவர். அக்கருத்து நிலைத்தது. வால்வெள்ளிகள் உயிரையே சுமந்து வருகின்றன என்ற அடுத்த படிக்குத்தான் சாட்சியம் போதவில்லை.

வால்வெள்ளிகள் சூரியத் தொகுதியின் கட்டட வேலையில் எஞ்சிய கற்கள். ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன், இளஞ்சூரியனைச் சுற்றிய வாயுத் தட்டின் குளிர்ந்த வெளிப்புறத்தில் தூசும் பனியும் மெல்ல ஒட்டிச் சேர்ந்து அவை உருவாயின. பெருங்கோள்களின் ஈர்ப்பு பலவற்றைத் தொலைவுக்கு எறிந்தது. ரொசெட்டா விண்கலம் 2014இல் சென்றடைந்த 67பி வால்வெள்ளியின் அடர்த்தி நீரின் பாதியளவே; உட்புறத்தின் பெரும்பகுதி வெற்றிடம். அங்கே கிளைசீன் என்னும் அமினோ அமிலம் உள்ளதென 2016இல் அறிவித்தார்கள். அது உயிரன்று, உயிருக்கான மூலப்பொருள்.

வைல்ட் 2 வால்வெள்ளியின் துகள்களை ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2004இல் சேகரித்தது. மூடிய பேழையில் அவை 2006இல் பூமிக்கு வந்தன. பனிக்கட்டிதானே என்று எதிர்பார்த்தவர்கள் திகைத்தார்கள்: 1000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், சூரியனுக்கு அருகே பிறந்த கனிமங்களும் அதில் இருந்தன. அத்துகள்கள் எங்கே எடுக்கப்பட்டன, எவர் திறந்தார் என்பதற்கெல்லாம் பதிவு உண்டு. தரையில் பொறுக்கிய அரலகங்வில கற்களுக்கு அத்தகைய பதிவு ஏது?

மறுப்புகளை வாசித்த அன்றே திருத்தமொன்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இதை அதன் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.