மாமியின் கால் விரலும் மூன்று நாள் லீவும்

எமது வைத்திய நிலையத்தில் ஒரு காட்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். வயதான அம்மா கதிரையில் இருப்பார். பக்கத்தில் மருமகள் நிற்பார். "என்ன வருத்தம் அம்மா?" என்று நாம் தமிழில் கேட்டாலும் அம்மா மருமகளின் முகத்தைப் பார்ப்பார். மருமகள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இன்னும் நாற்பது நிமிடத்தில் அவர் வேலையில் நிற்க வேண்டும். "மகன் வரவில்லையா?" என்று கேட்டால், "அவருக்கு வேலை டொக்டர்" என்பார். தனக்கும் வேலைதான் என்பது அந்த நேரத்தில் அவருக்கே நினைவு வருவதில்லை.

மாமி மருமகள் பிரச்சினை என்றதும் எம்மவர்கள் சண்டையைத்தான் நினைப்பார்கள். நாம் கண்ட அளவில் சண்டை பிடிக்கும் வீடுகளை விட, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருக்கும் வீடுகளில்தான் வருத்தம் முற்றுகிறது. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றி, ஒரு குடும்பத்தின் கதையை இங்கே சொல்கிறோம்.

அந்த அம்மாவுக்கு நீரிழிவு வந்து பதினைந்து வருடங்களுக்கு மேல். மகன் உணவகத்தில் சமையல் வேலை. மருமகள் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. பேரப்பிள்ளையைப் பாடசாலையில் இருந்து கூட்டி வருவது அம்மாவின் பொறுப்பு. லோசானில் பாடசாலைக்குப் போவதென்றால் ஒன்றில் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். குளிருக்கென்று மகன் வாங்கிக் கொடுத்த புதுச் சப்பாத்து அவரது காலின் சின்ன விரலை உரசியிருக்கிறது. நீரிழிவால் கால் விறைத்துப் போனவருக்கு நோவு தெரியாது. காலுறையில் ஈரத்தைக் கண்டபோதுதான் புண் என்று அவருக்கே விளங்கியது. அதன் பிறகும் மூன்று கிழமை அவர் வாய் திறக்கவில்லை. சித்தாலேப பூசினார். துணி சுற்றினார். இரவில் காலை ஹீற்றரில் வைத்துச் சூடு பிடித்தார்.

காய்ச்சல் வந்த பிறகுதான் வீட்டில் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுக்க வேண்டி வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டோம். "நான் படுத்திட்டால் பிள்ளையை ஆர் கூட்டி வாறது? மருமகள் லீவு கேட்டால் வேலை போயிடும் எண்டு பயப்படுறவ. தம்பியிட்ட உதுகளைச் சொல்லேலுமே?" என்றார். மருமகள் அழுதார். "நாள் முழுக்க மற்ற ஆக்களின்ர அம்மாமாரின்ர காலைக் கழுவித் துடைக்கிறன். மாமியின்ர காலை ஒருநாளும் பார்க்கேல்லையே" என்றார். மகன் சுவரைப் பார்த்தபடி நின்றார். எமக்கு அந்த மகனிடம்தான் ஒரு கேள்வி இருந்தது. தாயின் காலைப் பார்க்கும் பொறுப்பு மருமகளுக்கு மட்டும்தானா?

இதை எழுதுவதற்குக் காரணம் இதுதான். அந்த விரல் போன நேரத்தில், அந்த வீட்டில் இருவருக்குமே சம்பளத்துடன் லீவு எடுக்கும் உரிமை இருந்தது. இருவருக்குமே அது தெரியாது.

சுவிஸ் பாராளுமன்றம் 2019 டிசம்பர் 20ஆம் திகதி, வேலையையும் குடும்பப் பராமரிப்பையும் சேர்த்துக் கொண்டு போவதற்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 2021 ஜனவரி 1 முதல், நோய்வாய்ப்பட்ட அல்லது விபத்துக்குள்ளான குடும்ப அங்கத்தவரைப் பராமரிக்க, வேலை செய்பவர் சம்பளத்துடன் லீவு எடுக்கலாம். ஒரு நோய்க்கு அல்லது ஒரு விபத்துக்கு மூன்று நாட்கள் வரை, வருடத்துக்குப் பத்து நாட்கள் வரை. நோயுற்ற பிள்ளைக்கென்றால் அந்தப் பத்து நாள் எல்லை இல்லை. இது வருடாந்த விடுமுறையில் கழிபடாது. குடும்ப அங்கத்தவர் என்பதில் பெற்றோர், பிள்ளைகள், சகோதரர், கணவன் அல்லது மனைவி மட்டுமன்றி மாமனார் மாமியாரும் அடங்குவர். பகுதிநேர வேலை செய்பவருக்கும் இது பொருந்தும்.

இந்த உரிமை கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே உண்டு. இருவரும் ஒரே நாளில் வீட்டில் நிற்பதற்காக அல்ல. பராமரிப்பு உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில் மாறி மாறிப் பொறுப்பெடுக்கலாம். வேலைகொடுப்பவர் வைத்தியச் சான்றிதழ் கேட்கலாம். வைத்தியரிடம் கேட்டால் எழுதித் தருவார். வருத்தத்தின் பெயரை அதில் எழுத வேண்டியதில்லை.

"சட்டம் இருக்கும் டொக்டர், முதலாளியின் முகம் மாறுமே" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பயம் எமக்குப் புதிதல்ல. நாமும் இந்நாட்டுக்கு அகதியாக வந்து, உணவகச் சமையலறையில் கோப்பை கழுவியவர்கள்தான். 39 பாகை காய்ச்சலோடு நின்று கழுவியிருக்கிறோம். லீவு கேட்பது, இடம் தந்த நாட்டுக்கு நன்றி கெட்ட செயல் என்று அப்போது நினைத்தோம். இன்று அதை வீரமாக நினைக்கவில்லை. மற்றவர் சாப்பிடும் கோப்பையில் எமது கிருமியையும் சேர்த்துக் கழுவினோம் என்றே நினைக்கிறோம். எம்மோடு வேலை செய்யும் சுவிஸ்காரர் தன் தாய்க்காக ஒரு நாள் நின்றால், அவரை யாரும் நன்றி கெட்டவர் என்பதில்லை. நாம் இதைச் "சலுகை" என்று சொல்லிப் பழகிவிட்டோம். சலுகையென்றால் கெஞ்சிக் கேட்க வேண்டும். இது உரிமை. மரியாதையாகவும் நேரத்தோடும் அறிவித்தால் போதும்.

சட்டத்தைத் தெரிந்து கொள்வது பாதி வேலைதான். மற்றப் பாதி வீட்டுக்குள் இருக்கிறது. அதற்காகச் சில விடயங்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

நீரிழிவு உள்ளவரின் கால்களைத் தினமும் ஒரு முறை பாருங்கள். அடிப்பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். மகனே பார்க்கலாம். கொப்புளம், வெடிப்பு, நிற மாற்றம் எதைக் கண்டாலும் "பார்ப்பம்" என்று விடாமல் அன்றே வைத்தியருக்கு அழையுங்கள். விறைத்த காலைச் சுடுதண்ணீரிலோ ஹீற்றரிலோ வைக்க விடாதீர்கள். சூடு தெரியாமலே தோல் வெந்து விடும். புதுச் சப்பாத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழக்குங்கள்.

ஒருவரின் குளிசையை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். மருமகளின் முதுகு நோவுக்கு எழுதிக் கொடுத்த இபுபுரோபன், டிக்ளோபெனாக் போன்ற குளிசைகள், மாமியின் முழங்கால் நோவையும் குறைக்கத்தான் செய்யும். ஆனால் அவை குருதி அமுக்கத்தைக் கூட்டும். நீரிழிவால் ஏற்கனவே பழுதடைந்த சிறுநீரகத்தை மேலும் பழுதாக்கும்.

நீண்ட கால வருத்தம் உள்ள பெற்றோருக்கு, மாதக் கட்டணம் குறைகிறதென்று 2500 பிராங்க் பிராஞ்சைஸ் எடுத்து விடாதீர்கள். அந்தத் தொகை முடியும் வரை செலவு கைக்காசு என்பதால், வைத்தியரிடம் போவதையே அவர்கள் தள்ளிப் போடுவார்கள்.

முக்கியமாக, பாடசாலைப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டி வராதீர்கள். அப்பம்மா தன் மலச்சிக்கலையும் மனக்கவலையும் பத்து வயதுப் பேரனின் வாயால் சொல்ல மாட்டார். பிரெஞ்சு தெரிந்த மகன் ஒரு நாள் கூட வரட்டும். இல்லாவிட்டால் நேரம் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் தேவை என்று சொல்லுங்கள்.

அந்த அம்மா இப்போது நலமாக இருக்கிறார். கடைசியாக வந்தபோது மகன்தான் கூட்டி வந்தார். உள்ளே வந்ததும் குனிந்து தாயின் சப்பாத்தையும் காலுறையையும் அவரே கழற்றினார். "விடு தம்பி, நான் கழட்டுவன்" என்று அம்மா கூச்சப்பட்டார். "மருமகள் எங்கே?" என்று கேட்டோம். "அவவுக்கு வேலை டொக்டர்" என்றார் மகன்.

அந்தப் பதிலை எல்லா மகன்மாரிடம் இருந்தும் கேட்க ஆசைப்படுகிறோம்.