கிரஷரைப் பார்க்குமுன் கல்லைப் பாருங்கள்

கிள்ளையில் மலை கிடையாது. வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவந்து போட்ட வண்டலும், பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுச் சேறும்தான் இந்தப் பக்கத்து நிலம். ரோட்டோரம் குவிந்திருக்கும் ஜல்லி அத்தனையும் வேறெங்கோ உடைபட்டு லாரியில் வந்தது. உடைக்கிறவரை வாங்குகிறவர் கண்ணால் பார்ப்பதில்லை. அதனாலோ என்னவோ, ஒரு பேச்சு கேள்வியில்லாமல் உலவுகிறது: "கல்லுன்னா கல்லுதான். கையில் காசு இருந்தால் பெரிய கிரஷராப் போடு, எல்லாத்தையும் உடைச்சிடும்."

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரே வகைப் பாறை, பல வருடம் தீராத குவாரி, விடாத விற்பனை மூன்றும் அமைந்தால் பெரிய இயந்திரத்தில் டன்னுக்கான செலவு குறையும். அமையாத இடத்தில் இந்தப் பேச்சு நான்கு முனைகளில் நொறுங்குகிறது.

முதல் முனை, "பெரிசா இருந்தா நல்லது." ஜா கிரஷரின் வாயகலத்தைத் தீர்மானிப்பது, குவாரியில் வெடி வைத்தபின் கிடைக்கும் போல்டரின் அளவு. மிகப் பெரிய கல்லும் வாயகலத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தொழில் கணக்கு. அதற்கு மேல் வாங்கிய வாய் சும்மாதான் திறந்து மூடும். கரண்ட் பில் சும்மா இருக்காது. பின்னாலுள்ள சல்லடையும் கன்வேயரும் தாங்காத அளவு கல்லை உடைத்தும் பயனில்லை. யானையைக் கட்டித் தீனி போட முடியாமல் போன கதை நமக்குப் பக்கத்திலேயே உண்டு. பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வர வேண்டும். உலைக்கு மரக்கரி வேண்டும். ஆலை நொடித்ததற்கு மரக்கரித் தட்டுப்பாடு ஒரு பெரிய காரணம்.

இரண்டாவது, "ஒரு ஜா கிரஷர் போதும்." ஜா கிரஷர் கல்லை இரண்டு தகடுகளுக்கு நடுவே நெரித்து உடைக்கிறது. ஒரே தடவையில் நான்கில் ஒன்று, ஆறில் ஒன்று என்ற அளவுக்குத்தான் சிறிதாக்கும். விழும் கல்லில் தட்டையும் நீட்டமும் அதிகம். தார்ச்சாலைக் கலவைக்கான ஜல்லியில் இவ்விரண்டும் சேர்ந்து 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது மத்திய சாலைத் துறையின் விதி. கான்கிரீட்டில் தட்டைக் கல் கூடினால் கலவை இறுகி, கொத்தனார் தண்ணீரைக் கூட்டுவார்; தண்ணீர் கூடினால் நுண்துளை கூடும். கிள்ளை போன்ற உப்புக்காற்று ஊரில் அந்தத் துளை வழியே உப்பு இறங்கிக் கம்பியைத் தின்னும். அதனால்தான் ஜாவுக்குப் பின்னால் கோன் கிரஷர், எம்-சாண்டுக்கு (உடைத்த கல்மணலுக்கு) வி.எஸ்.ஐ. எனும் இம்பாக்ட் வகை கிரஷர் என்று படிப்படியாக வைக்கிறார்கள்.

மூன்றாவது, "அப்படின்னா எல்லாத்துக்கும் இம்பாக்ட் போட்டுடலாம், ஜல்லி பகடைக்காய் மாதிரி வரும்." வரும்தான். ஆனால் இம்பாக்ட் கிரஷர் வேகமாகச் சுழன்று அடித்து உடைப்பது. சுண்ணாம்புக்கல்லுக்கு அது பொருத்தம். வானூர், திருவக்கரைப் பக்கத்துக் கருங்கல்லில் சிலிக்கா அதிகம். அடிக்கும் உலோகத்தை அது அரைத்துவிடும். சிலிக்கா என்ன செய்யும் என்பதை நெய்வேலி ஆரம்பத்திலேயே பார்த்தது. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த கடலூர் மணற்பாறையில், ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர இயந்திரங்களின் வாளிப் பற்கள் மளமளவென்று தேய்ந்தன. முதலில் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தி, பிறகு வெட்டும் முறைக்கு மாற வேண்டியிருந்தது. அங்கே கடைசி வார்த்தை பாறையுடையது.

நான்காவது, "கேட்லாக்கில் மணிக்கு இத்தனை டன் என்று போட்டிருக்கே." அந்தக் கணக்கு காய்ந்த, மண் ஒட்டாத கல்லுக்கானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் கலந்த கல் வாயிலேயே அப்பிக்கொள்ளும். சல்லடைக் கண் அடைபடும். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லுக்குப் பல்லுருளை கிரஷர் ஒத்துவரும். நெய்வேலி நிலக்கரியில் ஏறத்தாழ பாதி எடை ஈரம்தான். கருங்கல்லுக்கான இயந்திரத்தை அதற்கு வைத்தால் கூழ்தான் மிஞ்சும்.

ஆக, விலை பேசுவதற்கு முன் இரண்டு சாக்குக் கல்லை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஐ.எஸ். 2386 முறைப்படி நொறுங்குதன்மை, தேய்மானம், வடிவம் மூன்றையும் பாருங்கள். சிலிக்காவும் ஈரமும் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். எந்த அளவு ஜல்லி எங்கே விற்கும் என்றும் எழுதிவையுங்கள். அந்தத் தாளைக் காட்டிய பிறகும் விற்பனையாளர் பெரிய மாடலையே நீட்டினால், அவர் உங்கள் கல்லைப் பார்க்கவில்லை.

கிள்ளையில் அடுத்த லாரி கொட்டும்போது ஒரு கை ஜல்லி அள்ளிப் பாருங்கள். பிஸ்கட் மாதிரி தட்டையாக இருந்தால், எங்கோ ஒருவர் கல்லைக் கேட்காமல் கிரஷர் வாங்கியிருக்கலாம். அதன் விலையை அந்த ஜல்லியில் கட்டும் பாலத்தின் கம்பி கொடுக்கும்.