மீனுக்குப் பேறுகாலம்! தொட்டிலுக்கு நஞ்சு!

தோழா!

காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கி நட. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கொலுவிருந்த ஜோசப் காலெட் என்ற வெள்ளைக்கார ஆளுநர், நெசவாளரைக் குடியமர்த்திய ஊர் இது. காலெட்டின் பெயரே மக்கள் நாவில் காலடியாயிற்று. அன்று தறியில் நூல் ஓடிற்று. இன்று கடற்கரைக் குப்பங்களில் வலையில் நூல் ஓடுகிறது.

ஏப்ரல் 15 அன்று தெற்கே காசிமேட்டுக்கும் போய்ப் பார். விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை, 61 நாட்கள், அவை கடலுக்குப் போகலாகாது. நான் நாடகம் எழுதுபவன். அந்தத் துறைமுகத்தில் நடப்பதைக் காட்சியாகவே காட்டுகிறேன்.

சட்டம்: படகைக் கட்டு! இது மீன் சினை கொள்ளும் காலம். தாயை வாரினால் நாளை பிள்ளை ஏது?

மீனவன்: நியாயம் ஐயா. கட்டிவிட்டேன். வீட்டு அடுப்பு?

சட்டம்: உதவித்தொகை உண்டு.

அந்தத் தொகை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பார், தோழா! குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். அதை வாங்கிக்கொண்டு மீனவன் பொறுக்கிறான். கடலின் நலமே தன் நலம் என்பதை அறிந்தவன் அவன். தடையை நாமும் எதிர்க்கவில்லை.

ஆனால் அடுத்த காட்சியைத்தான் எவரும் மேடையேற்றுவதில்லை!

2017, ஜனவரி 28. எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெருங்கசிவு ஏதுமில்லை என்றே முதலில் சொன்னது துறைமுகத் தரப்பு. கடலோ பொய் சொல்லத் தெரியாதது. கரிய எண்ணெயைக் கரையில் கொண்டுவந்து கொட்டிற்று. அதை அள்ளியது எது? விஞ்ஞானப் பெருங்கருவியா? வாளி, தோழா, வாளி! தொழிலாளரும் மாணவரும் மீனவரும் வெறுங்கையோடு இறங்கி வாளியில் அள்ளினர். அதே 2017-இல்தான், 45 நாளாக இருந்த மீன்பிடித் தடை தமிழகத்தில் 61 நாளாயிற்று! எண்ணெய் கொட்டிய ஆண்டில், தண்டனை போல் 16 நாள் கூடியது மீனவனுக்கு!

2023, டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் புறப்பட்டது. மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து அது வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கூறிற்று. பக்கிங்காம் கால்வாய் வழியே போய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது, மீனவன் பிழைப்பும் கறுத்தது. அந்தக் கழிமுகம் யாது? கொசஸ்தலை ஆறு கடலைத் தழுவுமிடம். உவர்நீரும் நன்னீரும் கலந்து, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் தொட்டில்! தாய் மீனுக்குப் பேறுகாலம் உண்டென அறிந்த சட்டம், பிள்ளையின் தொட்டிலில் நஞ்சு கலந்தபோது எங்கே போயிற்று?

"எண்ணெய் இன்றிப் படகு ஓடுமா?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. ஓடாது. எண்ணெய் எந்திரத்தில் இருக்கட்டும். கழிமுகத்தில் அதற்கு என்ன வேலை?

டில்லியின் துறைமுகத்தையும் டில்லியின் ஆலையையும் சாடிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. வடசென்னை அனல்மின் நிலையம் நம் மாநிலத்துக்குச் சொந்தம். அதன் சாம்பலும் இதே கழிமுகத்தில்தான் படிந்தது. குற்றம் நம் வீட்டில் இருந்தாலும் குற்றமே என்று சொல்லும் துணிவு இல்லாவிட்டால், மேடையில் நமக்கு என்ன வேலை?

நாம் கேட்பது சலுகையன்று. மீனவன் 61 நாள் படகைக் கட்டுகிறான். கழிமுகத்தைக் கெடுக்கும் ஆலை, அது எவருடையதாயினும், தூய்மை செய்து முடிக்கும்வரை தன் குழாயைக் கட்டட்டும். கசிவைக் கண்காணிக்கும் குழுவில் மீனவனுக்கு நாற்காலி வேண்டும். இழப்பை அளக்கும்போது அவன் கணக்கும் ஏற வேண்டும்.

ஏப்ரல் 15 மீண்டும் வரும். அன்று கொடியோடு மட்டும் குப்பத்துக்குப் போகாதே, தோழா, குறிப்பேட்டோடு போ. எந்த வலை எந்த நாளில் எண்ணெயில் கெட்டது, எத்தனை நாள் உலை ஏறவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுது. அந்த ஏடு கையிலிருந்தால், கசிவே இல்லை என்று இனி எவரும் சொல்லித் தப்ப முடியாது!