கோரஸ் போட்டால் படிப்பு வருமா?



நாளைக்கு நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ, திருவள்ளூர் பக்கத்து ஃபேக்டரிகளுக்கோ வேலைக்குப் போவோம். மெஷின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை ஒருவன் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "என்னப்பா சொல்றான் இதுல?" என்று பக்கத்து ஆளைக் கேட்டால் அவன் விரலுக்கு யார் கேரண்டி? வாசிப்பது வேறு, விளங்கிக்கொள்வது வேறு. இரண்டையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டிய இடம் பாலிடெக்னிக் அல்ல, தொடக்கப் பள்ளி!

"எல்லாம் ஆல் பாஸ் போட்டதால வந்த வினை" என்று நம்ம பசங்க சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபெயில் போட்டு அதே வகுப்பில் உட்கார வைத்தால், போன வருஷம் கோரஸாகச் சொன்னதையே இந்த வருஷமும் சொல்வான். கோரஸில் தெரிந்த நாலு பேர் கத்துவார்கள். மற்றவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். யாருக்கு எது தெரியவில்லை என்பது கடைசி வரை வெளியே வராது.

நம் எழுத்து லேசுப்பட்டதா? மொத்தம் 247. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. ஆனால் வாய் முதலில் சொல்வது நடுவில் இருக்கும் 'க'வை! கல், தங்கம், மகன் மூன்றிலும் ஒரே 'க'தான். ஒலி மட்டும் மூன்று. நமக்குப் பழகிவிட்டது. ஐந்து வயசுப் பிள்ளைக்கு? வீட்டில் தெலுங்கு பேசும் எல்லையோரப் பிள்ளைக்கு? ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு?

ஃபைல் பிடிக்கத் தெரியாதவனை நேராக லேத்தில் நிறுத்துகிறோமா? இல்லையே! படிப்படியாகத்தானே பழக்குகிறோம்? எழுத்துக்கும் அதே நியாயம்தான்.

இது புது யோசனை இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகள், ஏணிப்படிகள், பிள்ளை கைக்கு எட்டும் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம். 2007-08-ல் அது மாநிலம் முழுவதும் பரவியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. தொடக்க விழா நடந்த அழிஞ்சிவாக்கம் நம்ம திருவள்ளூர் மாவட்டம்தான்! எட்டு வயசுக்குள் எல்லாப் பிள்ளையும் பிழையின்றி வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது நோக்கம். 2025 இலக்கு ஆண்டு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பயிற்சி.

என் கட்சி இந்த முறைதான். ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அரும்பு என்பது ஏறிப் போக வேண்டிய படி. நெற்றியில் குத்தும் முத்திரை அல்ல. வருஷம் முழுக்க ஒரு பிள்ளை அரும்பிலேயே இருந்தால், கேள்வி பிள்ளையைப் பார்த்துக் கேட்கக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக வாசிப்பதைக் கேட்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைச் செல்போனில் விவரம் ஏற்றும் வேலை தின்றுவிட்டால், பழைய கோரஸ் தானாகத் திரும்பி வந்துவிடும்.

இதில் நமக்கென்ன வேலை என்கிறீர்களா? மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிகளின் பழக்கம். இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியதைக் கண்ட ஆண்ட்ரூ பெல், எழும்பூர் அனாதைப் பள்ளியில் அதைக் கையாண்டார். மூத்த மாணவர்களையே இளையவர்களுக்கு ஆசிரியராக்கினார். 1797-ல் அதை லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'!

வெள்ளைக்காரன் கொண்டுபோனதை நாம் ஏன் கைவிட வேண்டும்? வாரம் ஒரு மணி நேரம். ஊர்ப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். முடித்ததும், "என்ன புரிஞ்சுது, சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேளுங்கள்.

நம் மாணவர் பேரவை இதை இந்த ஆண்டே தொடங்கலாமே! என்ன சொல்றீங்க?