வண்டி வாசல்: முள் அசையாத லாரிக்கு எந்த மீட்டர் வாங்குவது?

இந்த வாரக் கேள்வி சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பியது.

"எங்க வீட்டுக்கு இருக்கிறது ஒரே லாரி. 2004 மாடல், டி.என். 31. அப்பாதான் ஓனர், அப்பாதான் டிரைவர். நெல் மூட்டை ஏத்துவார், சீசன் வந்தா கரும்பு. டேஷ்போர்டுல இருக்கிற மீட்டர்ல ஏர் மீட்டரும் ஸ்பீடோமீட்டரும்தான் ஆடுது. ஹீட், ஆயில், டீசல் மூணும் செத்துக் கிடக்கு. எஃப்.சி. வருது. தம்பி ஆன்லைன்ல டிஜிட்டல் செட் வாங்கி மாட்டலாம்கிறான். அப்பா, காயலான் கடையில பழைய செட் எடுத்தா போதும்கிறார். கணக்கு எழுதுறது நான். காசை எதுல போடுறது?"

கணக்கு எழுதுகிறவர் கேட்டிருப்பதால் கணக்கிலேயே தொடங்கலாம். ஹீட் மீட்டர் வேலை செய்யாமல் இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போனாலோ, ஆயில் இறங்கியது தெரியாமல் பேரிங் பிடித்துக்கொண்டாலோ, ஒரு சீசன் வாடகை பட்டறைக்குப் போய்விடும். வண்டி நிற்கிற நாள்களுக்கு வருமானமும் இல்லை. ஒற்றை லாரி வீட்டில் மீட்டர் என்பது அலங்காரம் இல்லை. அதனால் அழகைப் பார்த்து வாங்காமல், எது போனால் நஷ்டம் பெரிது என்று பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் வாங்காதீர்கள், சோதியுங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து பரங்கிப்பேட்டை வரை உப்புக்காற்று. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் பெருமழை வெள்ளம், 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் என்று தண்ணீரில் நின்ற வண்டிகளும் இந்த மாவட்டத்தில் நிறைய. இப்படிப்பட்ட வண்டிகளில் மீட்டருக்கு முன்னால் கெட்டுப்போவது எர்த் வயரும் கனெக்டரும்தான். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

ஒரு எளிய அடையாளம் உண்டு. ஒரு மீட்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், அதன் சென்சார் அல்லது அதற்குப் போகும் ஒயர் மேல் சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று மீட்டர்கள் சேர்ந்து படுத்திருந்தால் பொதுவானதைத் தேடுங்கள்: பியூஸ், டேஷ்போர்டு எர்த், பழைய வண்டிகளில் மீட்டர்களுக்கு ஒரே அளவு வோல்டேஜ் கொடுக்கும் ஸ்டெபிலைசர். உங்கள் அப்பா வண்டியில் மூன்றும் சேர்ந்து செத்திருக்கின்றன. மூன்றும் மின்சார மீட்டர்களாக இருந்தால், ஒரே ஒயர் காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அடுத்த சோதனையை ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். சாவியை ஆன் செய்து, ஹீட் சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றி, அதன் நுனியை இன்ஜின் பாடியில் ஒரு நொடி மட்டும் தொட வைப்பார். முள் ஒரு கோடிக்கு ஓடி, எடுத்ததும் திரும்பினால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, சென்சாரை மாற்றினால் போதும். முள் அசையவே இல்லை என்றால்தான் மீட்டர் பக்கம் போக வேண்டும். இது முள் வைத்த பழைய மீட்டர்களுக்கு மட்டும். எலக்ட்ரானிக் போர்டு உள்ள வண்டியில் இப்படித் தொட்டால் போர்டே போய்விடலாம்.

மீட்டர் தனி ஆள் இல்லை, ஜோடி

புது மீட்டர் வாங்குகிறவர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான். டேஷ்போர்டில் தெரிவது பாதி. இன்ஜினிலோ டேங்கிலோ இருக்கும் சென்சார் மீதி. இரண்டும் ஒரே பாஷை பேச வேண்டும். டீசல் டேங்கில் மிதவை ஏறி இறங்கும்போது மின்தடை மாறும், அதைத்தான் மீட்டர் லிட்டராகக் காட்டுகிறது. ஐரோப்பிய வகை 10 முதல் 180 ஓம், அமெரிக்க வகை 240 முதல் 33 ஓம் என்று அளவுகள் வேறுவேறு. ஒன்றில் டேங்க் நிறைய நிறைய ஓம் கூடும், இன்னொன்றில் குறையும். மாற்றி மாட்டினால் டேங்க் காலியாக இருக்கும்போது முள் 'ஃபுல்' காட்டும்! அதனால் மீட்டரை மட்டும் வாங்காமல், அதற்கான சென்சாரையும் சேர்த்து வாங்குங்கள். பழைய சென்சாரைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோனால் மரை அளவும் சரியாக அமையும்.

அடுத்தது வோல்டேஜ். இரண்டு பேட்டரி இருப்பதாலேயே 24 வோல்ட் என்று முடிவு செய்யாதீர்கள். ஒன்றின் பிளஸ் இன்னொன்றின் மைனஸுக்குப் போனால் 24. பிளஸும் பிளஸும் சேர்ந்திருந்தால் 12. 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் மீட்டரை மாட்டினால் எரிந்துபோக அதிக நேரம் ஆகாது.

சென்சாரை மாட்டும்போது மரையில் வெள்ளை டேப் சுற்றும் பழக்கம் உண்டு. ஒற்றை ஒயர் சென்சாருக்கு இன்ஜின் பாடிதான் எர்த். டேப்பை அழுத்திச் சுற்றினால் எர்த் அறுந்து, புது மீட்டரும் தப்பாகக் காட்டலாம்.

எதற்கு முதல் காசு?

ஏர் மீட்டர்: இப்போது ஆடுகிறது என்றாலும் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஏர் பிரேக் லாரியில் உயிர் சம்பந்தப்பட்ட மீட்டர் இதுதான். பெரும்பாலான லாரிகளில் ஓட்டத்தில் 6 முதல் 8 பார் வரை நிற்கும். முன், பின் பிரேக்குக்குத் தனித்தனி காற்று இருக்கும் வண்டியில் இரண்டு முள் உள்ள மீட்டர் வரும். விலை குறைவு என்று ஒற்றை முள் மீட்டர் மாட்டினால் ஒரு பக்கம் காற்று இறங்குவது தெரியாமலே போகும். டயலில் பார் இருக்கிறதா, பி.எஸ்.ஐ. இருக்கிறதா என்றும் பாருங்கள். 6 பார் என்பது 87 பி.எஸ்.ஐ. பழகிய கண்ணுக்குப் பழைய அளவே நல்லது.

ஆயில் மீட்டர்: சிவப்பு விளக்கு இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். பிரஷர் மிகவும் இறங்கிய பிறகுதான் விளக்கு எரியும். முள் அதற்கு முன்பே, நாளுக்கு நாள் இறங்குவதைக் காட்டிக்கொடுக்கும். இதில் இரண்டு வகை. மெல்லிய குழாய் வழியே ஆயிலே மீட்டர் வரை வரும் மெக்கானிக்கல் வகைக்கு மின்சாரம் வேண்டாம், உப்புக்காற்றில் எர்த் தொல்லையும் இல்லை. ஆனால் குழாய் எங்காவது உரசி ஓட்டையானால் சூடான ஆயில் கேபினுக்குள் வரும். மின்சார வகையில் அந்த ஆபத்து இல்லை, ஒயரிங் சுத்தமாக இருக்க வேண்டும். வண்டியில் ஏற்கெனவே எது இருந்ததோ அதையே தொடர்வது சுலபம்.

ஹீட் மீட்டர்: கடலூர் - சிதம்பரம் ரோட்டில் மலை இல்லை, மேடு இல்லை, வண்டி ஏன் சூடாகப் போகிறது என்று தோன்றும். ஆனால் நெல்லிக்குப்பத்திலோ சேத்தியாத்தோப்பிலோ கரும்பு பாரத்தோடு ஆலை வரிசையில் ஊர்ந்து போகும்போது முகக்காற்று ரேடியேட்டருக்குக் கிடைக்காது. அப்போதுதான் இந்த முள் வேண்டும். ஒரு எச்சரிக்கை: தண்ணீர் மொத்தமும் ஒழுகிவிட்டால் சென்சாரைச் சுற்றி தண்ணீரே இருக்காது, முள் மேலே போகாமல் கீழே இறங்கலாம். ஓட்டத்தில் ஹீட் முள் திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையாமல் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

டீசல் மீட்டரும் சார்ஜ் மீட்டரும் இவற்றுக்குப் பிறகு. டீசலுக்குக் குச்சி விட்டுப் பார்த்துச் சமாளிக்கலாம். சார்ஜுக்குப் பழைய ஆம்பியர் மீட்டர் இருந்தால், எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வோல்ட் மீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள். ஆம்பியர் மீட்டரில் சார்ஜ் கரன்ட் கேபின் வழியாகப் போகிறது, பழைய ஒயரில் அது சூட்டுக்கு வழி. இன்ஜின் ஓடும்போது 24 வோல்ட் வண்டியில் 27, 28 காட்டினால் சார்ஜ் சரி.

தம்பியா, அப்பாவா?

டிஜிட்டல் செட் இரவில் பளிச்சென்று தெரியும். ஆனால் உச்சி வெயிலில் திரை மங்கலாம், போர்டு ஒன்று போனால் எல்லா மீட்டரும் ஒரே நேரத்தில் இருட்டு. தனக்கேற்ற எல்லா சென்சாரோடும் வந்து, பொருத்திக் கொடுக்க உள்ளூரில் ஆள் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

காயலான் கடையில் மீட்டர் கூடு, கண்ணாடி, பல்பு ஹோல்டர், பட்டை எடுக்கலாம், தப்பில்லை. முள்ளை நம்பி எடுக்க வேண்டாம். எத்தனை வருஷம் எந்த மழையில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: எது செத்ததோ அதை மட்டும், வண்டியில் இருந்த அதே வகையில், புதிதாக, சென்சாரோடு. இதற்கு அலைய வேண்டியதில்லை. வண்டி மீட்டர் செய்யும் ப்ரிகால் நிறுவனம் 1975 முதல் நம் கோயம்புத்தூரில்தான் இருக்கிறது. பழைய மீட்டரின் முதுகில் இருக்கும் நிறுவனப் பெயரையும் பார்ட் நம்பரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

எஃப்.சி.க்கு முன்

8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 117-வது விதி ஸ்பீடோமீட்டர் பற்றியது. ஆகவே பிரேக் இன்ஸ்பெக்டர் அதைப் பார்ப்பார். ஹீட் முள்ளையும் ஆயில் முள்ளையும் உங்களுக்காக நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எஃப்.சி. கிடைத்துவிட்டது என்பதற்காக அந்த இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்பீடோமீட்டரை என்றாவது மாற்ற நேர்ந்தால், கேபிள் வகைக்குக் கேபிள் வகையே வாங்குங்கள். டயர் சைஸ் மாறியிருந்தால் வேகமும் கிலோமீட்டரும் தப்பாகும். சரிபார்க்கக் கிலோமீட்டர் கல் போதும்: 60-ல் சீராகப் போனால் அடுத்த கல் 60 விநாடியில் வர வேண்டும், 40-ல் போனால் 90 விநாடியில். கழற்றும் முன் பழைய கிலோமீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து, பில்லோடு வையுங்கள். ஆயில் மாற்றும் கணக்குக்கும், நாளைக்கு வண்டியை விற்றால் வாங்குகிறவரிடம் நேர்மையாகக் காட்டவும் அது வேண்டும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

- வண்டி மாடல், வருஷம், 12 வோல்ட்டா 24-ஆ
- பழைய மீட்டரின் பார்ட் நம்பர், துளையின் குறுக்களவு
- எந்த சென்சார், மரை எவ்வளவு
- ஏர் மீட்டருக்கு முள் ஒன்றா இரண்டா
- மெக்கானிக்கல் ஹீட் மீட்டர் என்றால் குழாயின் நீளம். அதை வெட்டவோ ஒட்டவோ முடியாது

மாட்டிய பிறகு முதல் வாரம் காலை ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை, பாரத்தோடு ஓடி நின்றதும் ஒரு தடவை, எல்லா முள்ளும் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் வண்டியின் நார்மல். பிறகு முள் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால், காரணம் தெரிகிற வரை லோடு ஏற்றாதீர்கள்.