முதல் எழுத்து எந்த மொழியில்?

குட்வில் எஸ்டேட்டில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மாலையில் வாசற்படியில் அமர்ந்து ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படிப்பாள், தடங்கல் இராது. பொருள் கேட்டால், பக்கத்திலுள்ள படத்தைப் பார்த்துச் சொல்வாள். ஒருநாள் படத்தைக் கையால் மறைத்துக் கேட்டேன். பேசாதிருந்தாள். மீன்காரரிடம் இந்தியில் விலை பேசுபவளும், வீட்டில் பாட்டியிடம் தமிழில் வாயாடுபவளும் இதே சிறுமிதான். அவளுக்கு மொழிப் பஞ்சம் இல்லை. அவள் கற்ற எழுத்துதான் அவளறிந்த எந்த மொழியோடும் ஒட்டாமல் நிற்கிறது.

பெற்றோரைக் குறை கூற நான் முன்வரமாட்டேன். கூலி வேலை செய்வோர் கடன் வாங்கியேனும் ஆங்கிலவழியை நாடுவது, வேலைச் சந்தை அவர்களுக்குக் கற்பித்த பாடம். தமிழில் முதுகலை படித்த நானே என் மகனை ஆங்கிலவழியில்தான் சேர்த்தேன். அவன் இன்றும் நம் ஏட்டைத் தன் தாய் படிக்கக் கேட்டே அறிகிறான்.

2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க வசதி செய்யவேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தில் 1956இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது, ‘நடைமுறையில் இயன்றவரை’ என்ற ஒட்டுடன். அந்த ஒட்டை மொழிபெயர்க்கும்போதெல்லாம் என் பேனா தயங்கும். அதற்குள் ஒரு நிர்வாகமே வசதியாக ஒளிந்துகொள்ளலாம்.

“இத்தனை மொழிகள் பேசும் தீவில் பொதுமொழியான இந்தியே போதாதா? தான்சானியா கிஸ்வாகிலியை வைத்துச் சாதிக்கவில்லையா?” என்று சிலர் கேட்கின்றனர். எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று இது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுள்ள அந்நாட்டில், 1967க்குப் பின் ஏழாண்டுத் தொடக்கக் கல்வி முழுவதும் கிஸ்வாகிலியில் அமைந்தது. தலைமை தாங்கிய நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனைத் தாமே மொழிபெயர்த்து, ‘வெனிசின் முதலாளிகள்’ என்று பொருள்படும் தலைப்பிட்டு 1969இல் வெளியிட்டவர். (அத்தலைப்புக்காகவே அவரிடம் எனக்கொரு பொறாமை உண்டு.) ஆனால் அங்குள்ள தாய்மொழிகளில் மிகப் பல, கிஸ்வாகிலியைப் போலவே பாண்டு குடும்பத்தவை, சொல்லமைப்பு குழந்தைக்கு முற்றிலும் அந்நியமாக இராது. எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் பொருந்துவதால், எழுத்துக் கூட்டத் தெரிந்த குழந்தை சொல்லைப் பிடித்துவிடும். இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் பயிற்றுமொழியாக நீடித்ததோ, அந்தச் சாதனையின் மறுபாதியைத் தின்றது.

தமிழிலும் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு நேரானது. ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் கற்ற குழந்தை ‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் படித்துவிடும். படித்த கணமே பொருளும் விளங்கும். வாசிப்பு என்பது இதுதான் என்று ஒருமுறை பிடிபட்டால், ஆங்கிலத்தையும் இந்தியையும் வாசிக்க அத்திறனே கைகொடுக்கும். அதுவரை அவ்விரண்டையும் வாய்மொழியாகக் கற்பிப்பதில் எவருக்கும் நட்டமில்லை.

இக்கோரிக்கையைத் தமிழருக்கு மட்டும் கேட்டு நிறுத்திவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1918 முதல் சோட்டா நாகபுரியிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆதிவாசிகளின் வழித்தோன்றல்கள் இங்கே ‘ராஞ்சிக்காரர்கள்’ என்ற ஒரே பெயரில் அடக்கப்படுகிறார்கள். அவர்களில் பலரின் மொழியான குடுக் திராவிட மொழி. பல்லுக்கு அதிலும் ‘பல்’ என்றே பெயர். ஆனால் அவர்கள் பிள்ளைகளின் முதல் பாடம் இந்தியில். தமிழ்க் குழந்தைக்கு நாம் பேசும் நியாயம் அவர்களுக்கு இல்லையென்றால், அதை மொழியுரிமை என்று எப்படி அழைப்பது?

முதல் இரு வகுப்புகளுக்குத் தாய்மொழி அறிந்த நிரந்தர ஆசிரியர், வகுப்பறையில் படித்து மகிழத்தக்க சிறு கதைநூல்கள், மாணவர் எண்ணிக்கை குறைந்தது என்ற காரணத்தால் பிரிவுகளை மூடக்கூடாது என்ற உத்தரவு: இம்மூன்றையும் கேட்டு மனு எழுதத் தொடங்கியுள்ளோம். தமிழ்ப்படி முடிந்துவிட்டது. குடுக் படியை எழுத, அம்மொழி பேசும் தோழர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.